ப்ளூ ஜே கத்திய காலைகள்

கல்யாணமாகி மான்ட்ரியாலுக்கு வந்த இரண்டாம் வருஷம், அறுபதுகளின் கடைசியில், எங்கள் பின்பக்க பால்கனிக்கு ஒரு நீலப் பறவை வர ஆரம்பித்தது. வில்லரே பகுதியில் மாடி வீடு. கணவர் காலையில் மெட்ரோ பிடித்துக் கல்லூரிக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கப் போனால் இருட்டிய பிறகுதான் திரும்புவார். அதுவரை எனக்குப் பேச ஆள் கிடையாது. ரேடியோ பேசும், அதுவும் பிரெஞ்சில்.

பறவை மைனாவைவிடப் பெரியது, காக்கையைவிடச் சிறியது. முதுகு நீலம், வயிறு சாம்பல் கலந்த வெள்ளை, கழுத்தில் அட்டிகை மாதிரி ஒரு கறுப்புக் கோடு. தலையில் கொண்டை. சும்மா இருக்கும்போது படிந்திருக்கும். என்னைக் கண்டால் விறைத்து நிமிரும். நான் வைக்கும் தோல்கடலையை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து, கனமானதை மட்டும் எடுக்கும். தொண்டையில் இரண்டு மூன்றை அடக்கிக்கொண்டு வந்து, செடியில்லாத என் பூந்தொட்டி மண்ணில் புதைத்து, மேலே ஒரு சருகைப் போட்டு மூடும். என் கடலை என் வீட்டிலேயே பத்திரமாக இருந்தது.

"அது காக்கா குடும்பம்தான். ப்ளூ ஜேன்னு பேரு. லைப்ரரி புக்ல போட்டிருக்கு," என்றார் கணவர்.

அவர் அதோடு மறந்திருப்பார். எனக்கு அது போதுமாக இருந்தது. காக்கை கரைந்தால் விருந்தாளி வருவார் என்று கேட்டு வளர்ந்தவள் நான். மறுநாள் காலை அது கிறீச்சென்று கத்தியதும் ஓர் ஆழாக்கு அரிசி கூடப் போட்டேன். கடையில் கிடைத்த மஞ்சள் பட்டாணிப் பருப்பில் சாம்பார். கத்திய நாளெல்லாம் இப்படியே. யாராவது ஒருவர் வந்து உட்கார்ந்து சாப்பிட்டு, உப்பு கூட என்று குறை சொன்னால்கூடப் போதும் என்றிருந்தது.

மனசில் இருந்தவர் கீழ்வீட்டு அம்மாள்தான். அறுபது வயதிருக்கும், அவரும் தனி. பிரெஞ்சு மட்டும்தான் பேசுவார். துணி உலர்த்தும்போது அண்ணாந்து "பொன்ஜூர்" என்பார். உள்ளே வாருங்கள் என்பதற்கு "அந்த்ரே" என்று டெலிவிஷனில் கேட்டு, கண்ணாடி முன் நின்று சொல்லிப் பழகி வைத்திருந்தேன்.

குளிர்காலம் முழுக்க ஒருவரும் வரவில்லை. "ஏன் தினம் இவ்ளோ சோறு மீறுது?" என்றார் கணவர். கணக்கு வாத்தியாருக்கு என்ன பதில் சொல்வது?

ஏப்ரலில் ஒரு காலை பார்த்துக்கொண்டே இருந்தேன். கடலைத் தட்டைச் சிட்டுக்குருவிகள் மொய்த்திருந்தன. ஜே எதிர் மரத்திலிருந்து பருந்து மாதிரியே கிறீச்சிட்டது. குருவிகள் சிதறி ஓடின. அது நிதானமாக இறங்கி வந்து தனியாகத் தின்றது. காலைதோறும் நான் கேட்டது அதே குரல்தான். விருந்துக்கு ஆள் வருமென்று நான் உலை வைத்ததெல்லாம், வந்தவர்களை விரட்டும் சத்தத்தைக் கேட்டுத்தான்! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அது உதிர்த்த இறகு ஒன்றை எடுத்து வைத்திருந்தேன். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் நீலமே தெரியாது, பழுப்பு. நீலமும் பொய், குரலும் பொய் என்று திட்டிவிட்டு, அன்றிலிருந்து இரண்டு பேருக்கு மட்டும் அளந்து வடித்தேன்.

அடுத்த வாரம், நான் சாப்பிட்டுப் பாத்திரம் கழுவும்போது கதவு தட்டப்பட்டது. கீழ்வீட்டு அம்மாள். காற்றில் பறந்து அவர் முற்றத்தில் விழுந்த என் கணவரின் வேட்டியைத் துவைத்து, இஸ்திரி போட்டு, மடித்து, இரண்டு கையிலும் ஏந்தி நின்றார். சாம்பார் வாசனையை மூக்கால் இழுத்துச் சிரித்தார். அவர் கண் என் தோளைத் தாண்டி அடுப்படிக்குப் போனது.

கணவர் டப்பாவில் எடுத்துப்போனது போக மீதியை நான் சாப்பிட்டாயிற்று, பானை காலி. முதல் முறை வாசல் மிதிக்கிறவருக்கு ஒரு வாய் சோறு இல்லாமல் எப்படி உட்கார வைப்பது? காபி கொடுத்திருக்கலாம். பிஸ்கட் டப்பா கைக்கெட்டும் இடத்தில் இருந்தது. இதெல்லாம் பிறகு தோன்றியது. அன்று வெட்கம் முந்திக்கொண்டது. "மெர்சி, மெர்சி" என்று வேட்டியை வாங்கிக்கொண்டேன். அவர் கொஞ்ச நேரம் நின்றார், பிறகு படியிறங்கினார்.

முறையாகச் சமைத்துக் கூப்பிடுவது என்று தீர்மானித்தேன். உளுந்து தேடி, பாயசத்துக்கு ஏலக்காய் தேடி, இரண்டு வாரம் ஓடிவிட்டது. மே மாதம் பிறந்தால் இந்த ஊரில் வாடகைக்காரர்கள் கூட்டம் கூட்டமாக வீடு மாறுவார்கள் என்பது எனக்குத் தெரியும். அவரும் வாடகைக்காரர் என்பதை மட்டும் நினைக்கவில்லை.

வடை சுட்டு முடித்து, அவரைக் கூப்பிட முன்பக்கம் வந்தேன். கீழே லாரி நின்றது. அவருடைய நாற்காலியும் துணிக்கூடையும் ஏறியாகிவிட்டன. அவர் அண்ணாந்து கையசைத்தார். பழகி வைத்திருந்த அந்தச் சொல்லை மாடியிலிருந்து கத்தினேன். "அந்த்ரே! அந்த்ரே!"

லாரிச் சத்தத்தில் கேட்கவில்லை போலிருக்கிறது. சிரித்துக்கொண்டே ஏறிக்கொண்டார்.

வடையையும் பாயசத்தையும் கணவரும் நானும் மூன்று நாள் சாப்பிட்டோம்.