அம்மனுக்குச் சாத்திய மயில்பச்சை

என் ஓரகத்தியை ஆஸ்பத்திரியில் 'சலவையக்கா' என்று சொன்னால்தான் தெரியும். பெயரைச் சொல்லிக் கேட்டால் வாசல் காவலாளிகூட உதட்டைப் பிதுக்குவார். அடித்தளத்தில், குழாய்கள் ஓடுகிற தாழ்ந்த கூரைக்குக் கீழே, ஆறு பெரிய எந்திரங்களுக்கு நடுவில் பத்தொன்பது வருஷமாக நின்றுகொண்டிருக்கிறாள். ரத்தமோ சீழோ வாந்தியோ, எதுவானாலும் அவள் கைக்குப் போன விரிப்பு வெள்ளை வெளேரென்றுதான் மாடிக்குத் திரும்பும்.

"கறை போறது பெரிய விஷயமில்லடி. வாசனை போகணும். அடுத்து வந்து படுக்கிறவனுக்கு, அங்க முன்னாடி ஒருத்தன் படுத்திருந்தான்னே தெரியக்கூடாது" என்பாள்.

பேச்சு அவ்வளவுதான். மீதிப் பேச்சையெல்லாம் நான் பேசிவிடுவேன். அண்ணன் தம்பி இருவரும் நான்காவது மாடியில் எதிரெதிர் வீடு வாங்கியதில் ஒரே நஷ்டம் என் வாய்தான், கதவை மூடினாலும் கேட்கிறது என்று என் வீட்டுக்காரரே கிண்டல் செய்வார். செய்யட்டும். வாய் இருந்தாலும் எனக்குக் கை சுத்தம். வரலட்சுமி நோன்புக்கு அம்மன் உட்காருவது மூத்தவள் வீட்டில். அலங்காரம் மட்டும் கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து என்னுடையது.

பித்தளைக் குடத்தில் அரிசி போட்டு, தேங்காய் வைத்து, வெள்ளி முகத்தைக் கட்டி, தோளுக்கு ஒரு குச்சியைக் குறுக்கே வைத்து இறுக்கினால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி புடவை. கொசுவம் விரல் அகலத்துக்கு ஒன்றுபோல விழ வேண்டும். முப்பது ஊக்காவது குத்த வேண்டும், ஒன்றும் வெளியே தெரியக்கூடாது. அந்த ஊக்கு டப்பாவைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பது ஓரகத்தியின் மகள். நாங்கள் வாலு என்று கூப்பிடுவோம்.

"சித்தி, போன வருஷமும் சிவப்பு, இந்த வருஷமும் சிவப்பா? அம்மனுக்கே போரடிச்சுடும்."

"அம்மன் உன்கிட்ட வந்து சொன்னாளா?"

"உங்ககிட்ட சொல்ல வந்திருப்பா. நீங்க எங்க அவளைப் பேச விட்டீங்க?"

அப்படி ஒரு வாய். என்னையே மடக்குகிற வாய்.

வேலைக்குப் போய் முதல் சம்பளத்தில் மயில்பச்சையில் ஒரு பட்டு எடுத்தாள். அதைக் கட்டிக்கொண்டு தோழி கல்யாணத்துக்குப் போனாள். திரும்பி வந்து நாற்காலியில் போட்டுவிட்டு, "அப்புறமா மடிக்கிறேம்மா, தலை வலிக்குது" என்றாள். ஒன்பது நாள் காய்ச்சல், போய்விட்டாள். இருபத்து மூன்று வயது. அம்மா வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில், அம்மா தலைக்கு மேலே மூன்றாவது மாடியில்தான் படுத்திருந்தாள். அவள் படுத்திருந்த விரிப்பும் கீழேதான் வந்திருக்கும். அன்றைக்கு வந்த நூற்றுக்கணக்கில் எது அது என்று யாருக்குத் தெரியும்? பாவி, அதையும் அவள்தான் துவைத்திருப்பாள்.

போன வருஷம் நோன்பு இல்லை. இந்த வருஷம் எடுக்க வேண்டும் என்று நான்தான் ஒற்றைக்காலில் நின்றேன். நாலு நாளாவது அந்த வீட்டில் விளக்கும் பூவும் மனிதர் நடமாட்டமுமாக இருந்தால் அக்கா கொஞ்சம் தேறுவாள் என்று ஒரு நப்பாசை. ஒருவழியாகச் சரி என்றாள்.

"எனக்குக் கை ஓடாதுடி. நீயே பாத்துக்கோ. புடவை அலமாரில ஏதாவது எடுத்துக்கோ" என்று சாவியைக் கொடுத்துவிட்டு, வியாழக்கிழமை காலையில் வேலைக்குக் கிளம்பிவிட்டாள்.

அலமாரியில் இருந்ததெல்லாம் வெளிறிய கத்தரிப்பூ, சாம்பல், காப்பிக்கொட்டை நிறம். அம்மன் என்ன ஆபீஸுக்கா போகிறாள்? குடைந்துகொண்டே போனேன். அடித்தட்டில், ஒரு தலையணை உறைக்குள் சுருட்டித் திணித்திருந்தது அந்த மயில்பச்சை. கசங்கி, முந்தானையில் பூக்கறையோடு, தோள் பக்கம் வியர்வை உப்போடு.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இதை அம்மனுக்குச் சாத்தினால்! வாலுவே வந்து உட்கார்ந்த மாதிரி இருக்குமே! கட்டின புடவையைச் சாத்தலாமா என்று மட்டும் ஒரு சந்தேகம் வந்தது. தோய்த்து உலர்த்தினால் மடிதானே என்று நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன். துவைப்பதையே பிழைப்பாக வைத்திருப்பவள் ஒரு புடவையை மட்டும் இரண்டு வருஷமாகத் துவைக்காமல் வைத்திருக்கிறாளே, ஏன் என்று ஒரு நிமிஷம் யோசித்தேனா? என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். பெற்றவளுக்கு மனசு வந்திருக்காது, பாவம், நாமாவது செய்வோம் என்றுதான் நினைத்தேன்.

பூந்திக்கொட்டை ஊறவைத்து, நுரை கட்டி, அக்கா எனக்குச் சொல்லிக்கொடுத்த பக்குவத்தில் அலசி, நிழலில் மின்விசிறிக்குக் கீழே உலர்த்தினேன். மதியம் உள்பக்கமாகத் திருப்பி இஸ்திரி போட்டேன். நாலு மணிக்கு அம்மன் தயார். என் வாழ்நாளில் அப்படி ஒரு கொசுவம் விழுந்ததில்லை. ஜிமிக்கி, சடை, சுற்றிலும் சரவிளக்கு. என் கண்ணே பட்டுவிடும் போலிருந்தது.

ஆறு மணிக்கு அக்கா வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தவள் அப்படியே நின்றாள். பையைக் கீழே போட்டாள். நான் பெருமையாகச் சிரித்துக்கொண்டு ஒதுங்கினேன். நேராகப் போய், மண்டியிட்டு, அம்மனின் மடியில் முகத்தைப் புதைத்தாள்.

அழட்டும், அழுதால் பாரம் குறையும் என்று இருந்தேன். அவள் அழவில்லை. மூச்சை இழுத்தாள். மறுபடி இழுத்தாள். முந்தானையை எடுத்து முகர்ந்தாள். தோள்பக்கம் முகர்ந்தாள். ஊக்கு கன்னத்தில் கீறியதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

"என்ன போட்டுத் தொவச்ச?" என்றாள், திரும்பாமலே.

"பூந்திக்கொட்டை. நீங்க சொல்லிக்குடுத்த மாதிரியேதான்கா."

"எத்தன தண்ணி?"

"மூணு. கடைசித் தண்ணில ஒரு மூடி வினிகர்."

"அப்ப போயிருக்கும்" என்றாள். "சுத்தமா போயிருக்கும்."

அவள் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தேன். அவளே சொன்னாள்.

"தினம் வேலைக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவைதான் மோந்து பாப்பேன். ஜாஸ்தி திறந்தா தீந்துடுமேன்னு பயம்டி எனக்கு."

"அக்கா, என்னை நாலு அறை அறைங்கக்கா. திட்டவாவது செய்யுங்க."

"உன்னை எதுக்கு? சாவி குடுத்தவ நான். அத எடுத்து மறைச்சு வைக்கணும்னு எனக்கே தோணல."

அவள் திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்து வந்து மணையில் உட்கார்ந்தாள். பூஜையில் ஒரு குறை வைக்கவில்லை. நோன்புச் சரடை எடுத்து, "கையை நீட்டு" என்று என் மணிக்கட்டில் கட்டினாள். மூன்று முடிச்சு, அவள் வழக்கம்போல இறுக்கமாக. தாம்பூலம் வாங்க வந்த பெண்கள் எல்லாரும் புடவையைத்தான் புகழ்ந்தார்கள். கீழ்வீட்டு டீச்சர், "என்ன அழகு! இது யார் செலக்‌ஷன்?" என்று கேட்டார். "என் பொண்ணுது" என்றாள் அக்கா. நான் சமையலறைக்குள் ஓடிப்போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன்.

ஞாயிற்றுக்கிழமை அலங்காரத்தைக் கலைக்க நான் போகவில்லை. துணிவில்லை. பத்து மணிக்கு அவளே என் வீட்டுக்கு வந்தாள். கையில் அந்தப் புடவை, அளவெடுத்த மாதிரி மடித்து.

"இந்தா, நீ கட்டிக்கோ."

"ஐயோ, எனக்கு எதுக்குக்கா? உங்ககிட்டயே இருக்கட்டும்."

"இருந்து? இனிமே வெறும் புடவைதானடி. நல்ல பட்டு, வீணாகக் கூடாது."

என் கையில் வைத்துவிட்டுத் திரும்பினாள். வாசல்வரை போனவள் சட்டென்று நின்றாள். திரும்பிப் பார்த்த முகத்தில், இரண்டு வருஷத்தில் நான் பார்க்காத ஒரு வெளிச்சம்.

"ஏண்டி, அந்தத் தலகாணி உறை? அதுலதானே ரெண்டு வருஷமா சுத்தி வச்சிருந்தேன். அது எங்க? அதுல கொஞ்சமாவது..."

புடவையோடு சேர்த்து அதையும் அன்றைக்கே துவைத்துப் போட்டிருந்தேன். நோன்பு அமளியில் எடுக்க மறந்து, என் முதுகுக்குப் பின்னால் பால்கனிக் கொடியில் இரண்டு கிளிப்பில் அது தொங்கிக்கொண்டிருந்தது.

என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"நல்லா வெள்ளையா வந்திருக்குடி" என்றாள்.