அமுதாவின் கொய்யாக் கிளை

ஊறவைத்த பாசியைப் பிழிந்தால் கையில் ஒரு வாசனை ஒட்டிக்கொள்ளும்... மழையில் நனைந்த குளக்கரை மாதிரி. சோப்பு போட்டாலும் போகாது. சிதம்பரத்தில் தோட்டக்கலை படித்த முதல் வருஷம், என் சாப்பாட்டு டப்பாவிலும் அதே வாசனைதான்.

பதியம் போடும் பிராக்டிகலுக்கு ஆளுக்கொரு கொய்யாக் கிளை. பட்டையை மோதிரம் அளவு உரித்து, பாசி வைத்து, பாலிதீன் சுற்றி இறுகக் கட்டி, பெயர்ச் சீட்டு மாட்ட வேண்டும். வேர் வந்தால் பாலிதீன் வழியே வெள்ளையாகத் தெரியும். அதுவரை தொடக்கூடாது.

எனக்கு ஏது பொறுமை? செம்மண்டலத்தில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கியதும், கட்டை அவிழ்த்துப் பார்த்துவிட்டுத்தான் மறுவேலை. பக்கத்துக் கிளை அமுதாவுடையது. காட்டுமன்னார்கோயில்காரி.

"ஏய், அத வுடுடி... தெனம் தெறந்து பாத்தா எப்புடி வேர் வுடும்?" என்று தலையில் அடித்துக்கொள்வாள்.

பரீட்சைக்கு முந்தின வாரம் என் கிளை காய்ந்துபோனது. அழுது தீர்த்தேன். ஒரு பேப்பர் போனாலும் படிப்பை நிறுத்திக் கல்யாணம்தான் என்று அப்பா சொல்லியிருந்தார். சொன்னால் செய்கிறவர்.

பரீட்சை அன்று போய்ப் பார்த்தால், வேர்விட்ட கிளையில் என் பெயர் தொங்குகிறது. காய்ந்ததில் அவள் பெயர்!

"எனக்கு மார்க்குதான்டி கொறையும். உனக்கு படிப்பே பூடும். வாய மூடிக்கினு நில்லு."

அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிய தடத்தைப் பார்த்த சார், எல்லோர் முன்னாலும் அவளைத் திட்டினார். "இவ்ளோ அவசரம் இருக்கிறவ ஏம்மா தோட்டக்கலைக்கு வந்த?"

அவள் தலைகுனிந்து நின்றாள். நானும் பக்கத்தில்தான் நின்றேன். வாயே திறக்கவில்லை. அன்று சாயங்காலம் வேர்விட்ட அந்தக் கிளையை வெட்டி அவளிடம் நீட்டினேன். "நீயே கொண்டுபோய் நடு" என்று சிரித்தாள்.

படிப்பு முடிந்தது... வேலை, கல்யாணம், வீடு மாறியது என்று எங்கேயோ தொடர்பு விட்டுப்போயிற்று.

இப்போது ஊர் ஊராகப் போய் விவசாயிகளுக்குப் பதியம் போடச் சொல்லித் தருகிறேன். "பிரிச்சுப் பாக்காதீங்கண்ணே" என்று சொல்லும்போதெல்லாம் அமுதா ஞாபகம் வந்துவிடும். மனசு ரொம்பத் தேடுகிறது அவளை. அப்போது கை நீட்டினால் எட்டும் தூரத்தில் இருந்தாள். இப்போது ஃபோன் நிறைய நம்பர் இருக்கிறது, அவளுடையது மட்டும் இல்லை.

அந்தக் கிளை செம்மண்டலம் வீட்டில் மாடி உயரத்துக்கு வளர்ந்து காய்க்கிறது. வீட்டில் எல்லோரும் அதை என் மரம் என்கிறார்கள்.

அமுதா, இதை நீ படித்தால்... அன்று சார் திட்டியிருக்க வேண்டியது என்னை. அந்த மரம் உன்னுடையது. பழம் பழுத்துக் கிடக்கிறது, வாடி.