குருநகரிலிருந்து கோப்பிக் கடைக்கு

காலை ஆறரைக்கு வவுனியாவில் பஸ் ஏறினேன். நூற்று நாற்பது கிலோமீற்றர் தூரம். யாழ்ப்பாணத்தில் இறங்கும்போது பத்தரை தாண்டிவிட்டது. நகரில் புதிதாக முளைத்திருக்கும் கோப்பிக் கடைகளைப் பற்றி எழுதித் தரும்படி ஒரு சஞ்சிகைக்காரர் கேட்டிருந்தார், அதற்காகத்தான் பயணம்.

ஓட்டோக்காரரிடம் கடையின் பெயரைச் சொன்னதும் சிரித்தார்.

"தொள்ளாயிரம் ரூபாய்க்குக் கோப்பி விக்கிற கடைதானே அண்ணை? ஏறுங்கோ. எத்தினை பேரைக் கொண்டுவந்து இறக்கியிருக்கிறன், உள்ளுக்கு ஒருநாளும் போகேல்லை."

முந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு வாசலில் இறக்கிவிட்டார்.

பதினொரு மணி. உள்ளே ஏசி குளிர். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த தமிழ்க் குடும்பம் ஒன்று ஜன்னலோரம் இருந்தது. இரண்டு மாணவர்கள் மடிக்கணினியோடு இருந்தார்கள். கோப்பி போடுபவர் சுகன்யா என்ற முப்பது வயதுப் பெண். தூளைச் சின்னத் தராசில் நிறுத்து, வடிதாளில் கொட்டி, சுடுநீரை மெல்ல மெல்லச் சுற்றி ஊற்றினார். குடித்துப் பார்த்தேன். கசப்பு குறைவு, தோடம்பழத்தின் புளிப்பு லேசாகத் தெரிந்தது. குறித்துக்கொண்டேன்.

பதினொன்று நாற்பதுக்கு ஒரு வயதான தம்பதி உள்ளே வந்தார்கள். பெரியவர் சாரமும் சேட்டும் உடுத்திருந்தார். அந்த அம்மாவின் கழுத்தில் சிலுவை. நேரே சுகன்யாவிடம் போனார்கள்.

"ஏதும் சேதி வந்ததோ பிள்ளை?"

"இல்லை அன்ரி."

"சரி. ஒரு கோப்பி போடு."

ஒரு கோப்பையை நடுவில் வைத்துக்கொண்டு இருவரும் மூலை மேசையில் இருந்தார்கள். ஆளுக்கொரு வாயாக மாறி மாறிக் குடித்தார்கள். அந்த அம்மா ஒவ்வொரு வாய்க்கும் முகத்தைச் சுளித்தார்.

யார் இவர்கள் என்று சுகன்யாவிடம் கேட்டேன். அவர் தராசைத் துடைத்து வைத்தார். பிறகு, யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்பதுபோல, தாழ்ந்த குரலில் சொல்லத் தொடங்கினார்.

"குருநகர் ஆக்கள் அண்ணை. இவையின்ரை மகன் டிலக்சன் என்னோடை ரெண்டு வருசம் இஞ்சை வேலை செய்தவன். ஏஜென்சிக்காரனைப் பிடிச்சு ஐரோப்பாவுக்கு வெளிக்கிட்டவன். வழியிலை போனைப் பறிச்சிட்டாங்கள். அவனுக்குப் பாடமா இருந்தது இந்தக் கடை நம்பர் மட்டும்தான். மூண்டு தரம் கோல் எடுத்தவன். கடைசியா பெலாரசிலை இருந்து. அதுக்குப் பிறகு அஞ்சு மாசமா ஒண்டும் இல்லை. இவை ஒவ்வொரு புதன்கிழமையும் வருவினம்."

"பிறகு ஒரு சேதியும் வரவே இல்லையா?"

சுகன்யா மேசையைத் துடைப்பதுபோலக் குனிந்தார்.

"வந்தது. மூண்டு கிழமைக்கு முதல் அவனோடை போனவன் ஒருத்தன், அவன் குடுத்த நம்பரெண்டு இஞ்சை எடுத்தவன். போலந்து எல்லைக் காட்டுக்குள்ளை டிலக்சனுக்குக் காய்ச்சலாம், நடக்கேலாமல் போச்சாம். மூச்சு இருந்ததாம் அண்ணை. மரத்துக்குக் கீழை இருத்திப்போட்டு இவங்கள் நடந்திட்டாங்கள்." நிமிர்ந்து மூலை மேசையைப் பார்த்தார். "முதலாளி உந்தக் கதையை இஞ்சை எடுக்கவேண்டாம் எண்டு சொல்லிப்போட்டார். இவையிட்டைச் சொல்ல எனக்கும் வாய் வரேல்லை. நீங்களெண்டால் சொல்லுவியளோ?"

நான் அதிகம் யோசிக்கவில்லை. "சொல்லத்தான் வேண்டும். பெற்றவர்கள் அல்லவா?" என்றேன்.

சுகன்யா ஏப்ரனைக் கழற்றி வைத்துவிட்டு அவர்கள் முன்னால் போய் இருந்தார். அவர் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. தகப்பன் மேசை விளிம்பை இரு கைகளாலும் பிடித்தது தெரிந்தது. பிறகு தாயின் குரல் உரத்துக் கேட்டது.

"மூச்சு இருந்ததெண்டுதானே சொன்னவன்?"

"ஓம் அன்ரி."

"அப்ப ஏன் விட்டிட்டு வந்தவன்?"

ஜன்னலோரத்துப் பெண்மணி கையை உயர்த்தினார். "தங்கச்சி, எங்கடை கப்புச்சீனோ இன்னும் வரேல்லை." சுகன்யா எழுந்து போய் மெசினைப் போட்டார். பால் நுரைக்கும் அந்தச் சீறலுக்குள்தான் தாய் அழத் தொடங்கினார்.

ஒரு மணிக்கு ஓட்டோ பிடித்து அவர்களைக் குருநகருக்குக் கூட்டிப்போனேன். இரண்டு கிலோமீற்றர்கூட இல்லை. தேவாலயத்துக்குப் பக்கத்து ஒழுங்கையில் இறங்கியதும் தாய் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குள் போய்விட்டார். தகப்பன் மட்டும் நின்றார்.

"அந்தப் பிள்ளையிலை எனக்குக் கோவம் இல்லைத் தம்பி" என்றார். "ஆனால் கிழமையிலை ஒரு நாள் எங்களுக்குப் போறதுக்கு ஒரு இடம் இருந்தது. மனுசி செவ்வாய்க்கிழமையே சீலையை எடுத்து வைச்சிடும். இனி நாங்கள் எங்கை போறது?"

அவருடைய கையைப் பிடித்தேன். அவர் அதை மெதுவாக விடுவித்துக்கொண்டு உள்ளே போனார்.

நாலு மணி பஸ்சில் ஜன்னலோர இருக்கை கிடைத்தது. வவுனியாவில் என் வீட்டில் மகன் பாடசாலை விட்டு வந்திருப்பான். நான் போய்ச் சேரும்போது ஏதாவது கேட்டு அடம்பிடிப்பான். ஆனையிறவு கடக்கும்வரை, நான் சொன்னது சரிதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். இப்போதும் அது பிழையென்று சொல்லமாட்டேன். ஆனால் சொல்லச் சொல்வது எனக்குச் சுலபமாக இருந்தது. நாளைக்கு அந்தக் கடையில் நிற்கப்போவது சுகன்யா. அந்த வீட்டில் விடியப்போவது அவர்கள் இருவருக்கும். எனக்கு நாலு மணிக்கு ஒரு பஸ் இருந்தது.