கழுத்து நிற்காத எங்கள் மகள்

எங்கள் மூத்த மகளுக்கு நான்கு மாதமாகியும் தலை நிற்கவில்லை. தூக்கினால் ஒரு பக்கம் சரிந்து விழும். கழுத்து முறிந்துவிடுமோ என்று பயந்து பயந்தே அவளைத் தூக்குவோம். அது ஒரு றாத்தல் பாண் ரொட்டிக்கும் கடை வாசலில் வரிசையில் நின்ற எழுபத்து நான்காம் ஆண்டு. நான் நிலாவெளிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் உதவி ஆசிரியராகச் சேர்ந்திருந்தேன். எங்களுடையது கரைவலை இழுக்கிற குடும்பம். அதில் முதலில் படித்தவன் நான்தான். அதனால் பிள்ளைக்கு என்ன வருத்தம் என்று எல்லோரும் என்னையே கேட்டார்கள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

சித்திரையில், நாள் நிறையாமல் ஏழாம் மாதத்திலேயே பிறந்தவள் அவள். அதே கிழமைக்குள் பிறந்த அயல்வீட்டுப் பிள்ளை ஆடியிலேயே தலையைத் தூக்கி ஆட்களைப் பார்த்துச் சிரித்தது. நான் பள்ளிக்கூடத்தால் வந்ததும் என் மகளுக்கு முன்னால் விரலை ஆட்டிப் பார்ப்பேன். கண் விரலோடு வரும். தலை வராது.

"ஏன் ஒவ்வொரு நாளும் அவளைச் சோதிக்கிறியள்? சோதனை எழுத வந்த பிள்ளையே அவள்?" என்று என் மனைவி ஸ்டெல்லா அழுதாள்.

ஸ்டெல்லாவின் மாமி ஒருத்தி, தோளில் சரிந்து கிடந்த பிள்ளையைப் பார்த்து, "வாத்தியார்ர பிள்ளையெல்லே, குனிஞ்ச தலை நிமிராமல் படிக்குது" என்றா. பகிடியாகத்தான் சொன்னா. ஸ்டெல்லா அன்றைக்குச் சாப்பிடவில்லை.

திருகோணமலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மாதம் குறைந்து வந்த பிள்ளையை மற்றப் பிள்ளைகளோடு ஒப்பிடக் கூடாது, பொறுத்திருங்கள் என்றார் டாக்குத்தர். விழித்திருக்கும் நேரத்தில் குப்புறப் படுக்க விடச் சொன்னார். பிறகும் நிற்காவிட்டால் என்ன செய்வது என்று கேட்டேன். "அப்ப பார்ப்பம்" என்றார். அந்தச் சொல்லை நெஞ்சில் சுமந்துகொண்டு பஸ்ஸில் திரும்பி வந்தோம்.

குப்புறப் போட ஒருவருக்கும் மனம் வரவில்லை. மூச்சடைக்கும் என்று பயம். மணல் தரை, எறும்பு வேறு. எங்கள் பக்கத்தில் கைக்குழந்தை சேலையில் கட்டிய ஏணையில் கிடக்கும். இல்லாவிட்டால் யாராவது ஒருவர் கையில் இருக்கும். எடுத்தவர்கள் எல்லோரும் பிடரியை ஏந்திக்கொள்வார்கள். அந்த அன்பாலேயே அவள் கழுத்துக்கு வேலை இல்லாமல் போகிறது என்று எங்களுக்கு விளங்கவில்லை.

ஒவ்வொரு மாலையும் கோவிலுக்குப் போய்ச் சிலுவைக்கு முன்னால் முழந்தாளில் நின்றேன். அழுதேன். நேர்த்தி வைத்தேன். கடைசியில் கேட்கவும் வார்த்தை இல்லாமல் போயிற்று. ஆவணியில் ஒரு நாள், "ஆண்டவரே, எனக்கு ஏலாது. எப்படி இருந்தாலும் இவள் எங்கள் பிள்ளை. பயமில்லாமல் இவளை வளர்க்கப் பழக்கும்" என்று மட்டும் மன்றாடினேன்.

வீட்டுக்கு வந்து, பாயில் மல்லாந்து படுத்து, பிள்ளையை என் நெஞ்சில் குப்புறப் போட்டேன். தடுக்க வந்த ஸ்டெல்லா, என்ன நினைத்தாளோ, பக்கத்தில் இருந்துவிட்டாள். பிள்ளை மூக்கு என் சட்டையில் அழுந்த முனகினாள். என் கை தானாகவே அவள் பிடரிக்குப் போனது.

"கையை எடுங்கோ" என்றாள் ஸ்டெல்லா.

எடுத்தேன். தலை நடுங்கிக்கொண்டு கொஞ்சம் எழும்பியது. ஒரு பக்கம் திரும்பி விழுந்தது. அவ்வளவுதான். ஆனால் மூக்கைத் தானே விடுவித்துக்கொண்டாள்.

அன்றைக்கே பயம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். ஒவ்வொரு நாளும் அப்படியே போட்டோம். மாரி மழை தொடங்கும் முன்னே அவள் என் நெஞ்சில் தலையை நிமிர்த்தி, வீணீர் வடிய, என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

இன்று அவளுக்கு ஐந்து வயது, பாலர் வகுப்பில் படிக்கிறாள். ஓடினால் பிடிக்க ஏலாது. நாள் வந்ததும் நிற்கிற கழுத்துத்தானே, இதில் செபம் எங்கே என்று ஒரு நண்பர் கேட்டார். எனக்கு வாதாடத் தெரியாது. கையை எடுக்கிற துணிவு எங்கள் இருவரிடமும் இருக்கவில்லை. அதை ஆண்டவர் தந்தார்.

கைக்குழந்தையோடு கலங்கி நிற்கிற சகோதரரே, சகோதரியே, வைத்தியரிடமும் போங்கள், மன்றாடவும் செய்யுங்கள். ஏலாமல் போனால், ஏலாது என்பதையே அவரிடம் சொல்லுங்கள். எங்களுக்குச் செவிகொடுத்தவர் உங்களுக்கும் செவிகொடுப்பார்.