மயக்க மருந்துக்கு முன் ஆறாவது கேள்வி

1. வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகைக்கு முன், பிறந்து இரண்டு நாளான தன் மகளைப் பார்க்க ஹனீபா நானா வந்தார்.
2. குழந்தையின் காதில் பாங்கு சொன்னார்.
3. நாக்கில் பேரீச்சம்பழம் தடவ என்னிடம் அனுமதி கேட்டார். நான் ஓம் என்றேன்.
4. அவர் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போய்விட்டார். இருபது நிமிடங்களில் குழந்தை நீலமானாள்.
5. மூச்சுக்குக் குழாய் போட வேண்டும், அதற்கு முன் மயக்க மருந்து கொடுக்க வேண்டும் என்று டொக்டர் சொன்னார்.
6. மருந்தை அளந்து எடுத்தது நான்.
7. பேரீச்சம்பழத்தைப் பற்றித் தெரிந்த ஆள் அந்த அறையில் நான் மட்டும்தான்.

நடந்தது இவ்வளவுதான். இதைச் சொல்ல எனக்கு நான்கு வருடங்கள் பிடித்தன. என் இறைவனான றப்பைப் புகழ்ந்துவிட்டு, சகோதரிகளே, மீதியையும் எழுதுகிறேன்.

நான் கரைத்தீவில், வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பங்களுக்கான ஓலைக் கொட்டில் ஒன்றில் பிறந்தவள். யுத்தம் முடிந்த பிறகு தாதிப் பயிற்சி கிடைத்தது. முதல் நியமனம் எங்கள் மாவட்டத்தின் தென்பகுதியில் ஒரு மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைப் பிரிவுக்கு. அங்கே எல்லோரும் சிங்களத்தில் பேசினார்கள். நானும் பேசினேன். யாரும் என்னைக் கொடுமைப்படுத்தவில்லை. ஆனால் சாப்பாட்டு மேசையில் சிரிப்பு எழும்போது அது எதற்கு என்று எனக்குப் பாதிதான் விளங்கும். துணிகள் அடுக்கும் அறையில் தொழுவேன். விடுதி அறையில் தனியாகச் சாப்பிடுவேன். சில நாட்களில் என் சொந்தப் பாஷையில் ஒரு சொல்கூடப் பேசாமல் படுத்திருக்கிறேன்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்த ஓம் அங்கிருந்துதான் வந்தது.

குழந்தையின் கீழ்த்தாடை பிறப்பிலேயே மிகச் சிறியது. அண்ணத்தில் பிளவு. நாக்கு பின்னால் விழுந்து மூச்சை அடைக்கும் என்பதால் குப்புறக் கிடத்தியிருந்தோம். வாய்வழி எதுவும் கொடுக்கக் கூடாது என்று கட்டிலில் சிவப்பு எழுத்தில் எழுதித் தொங்கவிட்டிருந்தது. எழுதியது நான்.

ஹனீபா நானா எனக்குச் சொந்த அண்ணன் இல்லை, உச்சமுனைத் தீவில் மீன் பிடிப்பவர். விடியும் முன் படகேறி, கற்பிட்டிக்கு வந்து, அங்கிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். நான் ஸலாம் சொன்னதும் அவருடைய முகமே மாறிவிட்டது.

"அல்ஹம்துலில்லாஹ்! நம்மட புள்ள ஒண்டு உள்ளுக்க இரிக்கிதா? தங்கச்சி, நான் காலையிலேந்து இந்த ஆக்கள்ட கையக் கையக் காட்டிக் கதைச்சிக்கிட்டு இரிக்கன். மீன் விக்கிற சிங்களத்த வெச்சி இங்க என்னத்தக் கேக்கிற?"

நான் சிரித்துவிட்டேன். அந்தப் பிரிவில் நான் சத்தமாகச் சிரித்தது அதுதான் முதல் தடவை.

பாங்கு சொல்லி முடித்ததும் சட்டைப் பையிலிருந்து ஒரு கடதாசிப் பொட்டலத்தை எடுத்தார். ஊர்ப் பள்ளிவாசல் ஹஸரத் மென்று மசித்துக் கொடுத்த பேரீச்சம்பழம். பிறந்த பிள்ளையின் வாயில் முதலில் இனிப்புப் படவேண்டும் என்பது நம் வழக்கம். அது நபிவழி, சுன்னத். எனக்கும் அப்படித்தான் தடவினார்கள்.

"கொஞ்சூண்டு தங்கச்சி. ஒரு பொட்டு. உங்களுக்குத் தெரியாததா?"

எனக்குத் தெரியும். சிவப்பு எழுத்தும் தெரியும். அவர் 'நம்மட புள்ள' என்று சொன்ன சந்தோஷத்தில் இருந்தேன். "ஓம், கொஞ்சம்தான்" என்று சொல்லிவிட்டு, குழந்தையை மெதுவாகத் திருப்பிப் பிடித்துக் கொடுத்தேன். அவர் தடவியபோது நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

குழந்தை இருமத் தொடங்கியபோது அவர் பள்ளிக்குப் போய்விட்டிருந்தார். சளி உறிஞ்சினேன். நுரை மட்டும் வந்தது. ஒட்சிசன் அளவு இறங்கிக்கொண்டே போனது. டொக்டர் ஓடி வந்தார். எங்கள் மூத்த தாதி குழந்தையின் தலைப்பக்கம் நின்றார்.

"குழாய் போடுவம்" என்றார் டொக்டர். "ஆனா மயக்கம் குடுக்காம இல்ல."

சகோதரிகளே, நான் பயிற்சி பெற்ற இடத்தில் புதிதாய்ப் பிறந்த குழந்தைகளுக்கு மயக்க மருந்தே கொடுக்காமல் குழாய் போட்டதைப் பார்த்திருக்கிறேன். அவசரம் என்பார்கள். இந்த வயதில் என்ன ஞாபகம் இருக்கப்போகிறது என்பார்கள். தலையைப் பிடித்துக்கொள்வது மாணவிகளின் வேலை. அந்தச் சின்னத் தலை என் உள்ளங்கைகளுக்குள் திமிறியது இன்றும் என் கைகளில் இருக்கிறது. எங்கள் டொக்டர் அப்படிச் செய்ய மாட்டார். ஆனால் இப்படிப்பட்ட குழந்தைக்கு மயக்கமும் ஆபத்துத்தான். மருந்து ஏறியதும் நாக்கு தளர்ந்து பின்னால் விழும். அதனால் தசைகளை முழுதாகத் தளர்த்தும் மருந்து வேண்டாம், குழாய் இறங்காவிட்டாலும் சொந்த மூச்சு மிஞ்ச வேண்டும் என்று சொல்லி, மென்மையான மருந்தை எடுக்கச் சொன்னார்.

எடுத்தேன். நிறைக்கு ஏற்றபடி, ஒரு துளி கூடவோ குறையவோ இல்லாமல். கை அதைச் செய்துகொண்டிருந்தபோது மனம் துஆ கேட்டுக்கொண்டிருந்தது. உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன். நான் இரண்டு கேட்டேன். யா அல்லாஹ், இந்தப் பிள்ளையைக் காப்பாற்று. யா அல்லாஹ், நான் செய்ததை யாருக்கும் தெரியாமல் மறைத்துவிடு.

மயக்க மருந்து ஏற்றுவதற்கு முன் கேட்க வேண்டிய ஏழு கேள்விகளை, வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே இரண்டு பாஷையிலும் எழுதி, மருந்துத் தள்ளுவண்டியில் ஒட்டியிருந்தேன். எனக்கு எதையும் எழுதி வரிசைப்படுத்தினால்தான் நிம்மதி. மருந்து எடுத்தவர் வாசிக்க வேண்டும், மற்றவர் பதில் சொல்ல வேண்டும். அதுதான் முறை.

வாசித்தேன். பெயர். நிறை. பிறவிக் குறைபாடு. மருந்தின் அளவு. காற்றுப் பையும் முகமூடியும்.

ஆறு. கடைசியாக வாய்வழி கொடுத்தது என்ன?

மூத்த தாதி குழந்தையின் குறிப்புத் தாளைப் பார்த்தார். "ஒண்டும் இல்ல."

ஏழாவது கேள்வி மட்டும் மிச்சம். அதை வாசித்தால் போதும், எல்லாம் மறைந்துவிடும். நான் கேட்டது அப்படியே கிடைக்கும். வாயைத் திறந்தேன். ஏழாவது கேள்வி வரவில்லை. அந்த நிமிடம் தெளிவாக விளங்கியது. நான் கேட்ட இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும். இரண்டாவது துஆவை நான் வாபஸ் வாங்க வேண்டும்.

"இல்ல மிஸ்" என்றேன். "குடுத்தது. பேரீச்சம்பழம். நான்தான் விட்டேன்."

மூத்த தாதி என்னைப் பார்த்தார். "உனக்குப் பைத்தியமா நங்கி? நீயே எழுதித் தொங்கவிட்டுட்டு?"

நங்கி என்றால் சிங்களத்தில் தங்கச்சி. அந்த நேரத்திலும் அப்படித்தான் கூப்பிட்டார்.

டொக்டர் திட்டவில்லை. "மருந்தத் தட்டில வை. முதல்ல பாப்பம்" என்றார். குழந்தையைச் சரித்துக் கிடத்தி, விளக்குக் கருவியால் நாக்கை மெல்லத் தூக்கினார். பிளவுக்குப் பின்னால், மூச்சுப் பாதையின் வாசலில், மெல்லிய பழுப்புத் தோல் ஒன்று ஒட்டியிருந்தது. பழத்தின் தோல். சிறு இடுக்கியால் எடுத்து பஞ்சில் வைத்தார். அது தெரியாமல் மயக்கம் கொடுத்து, காற்றுப் பையால் அழுத்தியிருந்தால், அந்தத் தோல் உள்ளே இறங்கி மூச்சையே அடைத்திருக்கும்.

பிறகு மருந்தில் பாதியை ஏற்றினோம். குழந்தை என் சுண்டுவிரலைப் பிடித்திருந்தாள். பிடி தளர்ந்தது. அறையில் குழந்தையோடு நான்கு பேர் இருந்தோம். அவ்வளவு தனியாக நான் ஒருநாளும் இருந்ததில்லை. முதல் முயற்சியில் குழாய் இறங்கவில்லை. டொக்டர் கையை எடுத்து, ஒட்சிசன் கொடுத்து, மறுபடி பார்த்தார். "தொண்டைய வெளியால அமத்து, நங்கி." அமத்தினேன். குழாய் இறங்கியது. நெஞ்சின் இரண்டு பக்கமும் ஒன்றாக எழும்பியது. நான் மறுகையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

ஜும்ஆ முடிந்து வந்த ஹனீபா நானாவிடம் நானே சொன்னேன். அவர் சுவரில் சாய்ந்து அப்படியே குந்திவிட்டார்.

"கொண்டு வந்த நான்தானே. என்ட பேரச் சொல்ல ஏலாதா உங்களுக்கு? வேல போனா என்ன செய்வீங்க?"

"கதவத் திறந்தது நான்தானே நானா."

குழந்தையை அன்று பின்னேரமே அம்புலன்ஸில் கொழும்புக்கு அனுப்பினார்கள். காற்றுப் பையை அழுத்தியபடி நான்தான் கூடப் போனேன். திரும்பி வந்ததும் விசாரணை நடந்தது. இரண்டு மாதங்கள் வெளிநோயாளர் பகுதிக்கு மாற்றப்பட்டேன். மருத்துவமனையில் சிலர் 'உங்கட ஆக்கள்' என்று சொன்னார்கள். ஊரில் சிலர் நான் சுன்னத்தைக் குற்றம் சொன்னேன் என்று கதைத்தார்கள். இரண்டு பக்கமும் எனக்கு ஆள் இல்லாமல் போனது. அந்த இரண்டு மாதமும் துணி அறையில் தொழ முடியவில்லை. மாடிப்படிக்குக் கீழே தொழுதேன். ஆனால் நெற்றி நிலத்தில் பட்ட அந்த ஸுஜூதுகளில் நான் எதையும் ஒளிக்க வேண்டியிருக்கவில்லை. அப்படியொரு இலேசை அதற்கு முன் நான் அறிந்ததில்லை.

என் துஆ அங்கீகரிக்கப்பட்டது என்று நான் சொல்வது குழாய் இறங்கியதற்காக மட்டும் அல்ல. ஏழாவது கேள்வி வராமல் என் வாய் நின்றதே, அதுதான் பதில் என்று நம்புகிறேன். நான் அவ்வளவு நல்லவள் இல்லை. அந்தச் சொல் எனக்குத் தரப்பட்டது.

சகோதரிகளே, கேளுங்கள். வெட்கப்படுவதையும் சேர்த்து அவனிடமே கேளுங்கள். நாம் மறைக்கச் சொல்லிக் கேட்டதை அவன் வெளியே எடுத்துவிட்டால், அதுவும் அவனுடைய அருளாக, ரஹ்மத்தாக இருக்கலாம்.

நான் அதே பிரிவில்தான் வேலை செய்கிறேன். பாங்கு சொல்ல வாப்பாமாரை உள்ளே விடுகிறோம். பேரீச்சம்பழத்துக்கு டொக்டர் சொல்லும் நாள்வரை பொறுக்கச் சொல்கிறோம். ஹஸரத்தும் பொறுக்கலாம் என்று சொல்லியிருக்கிறார். ஆறாவது கேள்விக்கு இப்போது தாளைப் பார்த்து மட்டும் பதில் சொல்ல முடியாது, வீட்டாரையும் கேட்க வேண்டும். சாப்பாட்டை இன்னும் பெரும்பாலும் தனியாகத்தான் சாப்பிடுகிறேன். குழந்தையின் பெயர் சுமையா. அண்ணத்தைத் தைத்துவிட்டார்கள். கொஞ்சம் மூக்கால் பேசுவாள். நான்கு வயது. பேரீச்சம்பழம் சாப்பிடுகிறாள்.