டாக்டர் தேங்காயைப் பற்றிச் சொல்லவில்லை

எனக்குக் கோல்ப்பும் தெரியாது, எலும்பு வைத்தியமும் தெரியாது. ஆனால் சில மாதங்களாக என் அக்காள் வீட்டில் இந்த இரண்டையும் விட்டால் வேறு பேச்சே இல்லை. கேட்டுக் கேட்டு எனக்கே இடுப்புக்கு மேலே எங்கோ பிடித்துக்கொண்டது.

மாமா, அதாவது நவமணி அக்காளின் வீட்டுக்காரர் பக்கிரிசாமி, பினாங்கு துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். வேலைக்காலம் முழுக்க உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் தனியாக உட்கார்ந்திருந்த மனிதர். பேச்சு கம்மி. மச்சினி என்னையும் "டா" போட்டுத்தான் கூப்பிடுவார். கீழே தரையில் நின்று, ஏற்று, இறக்கு, நிறுத்து என்று அவருக்குக் கை காட்டியவர் ஹஸ்ருல் என்ற மலாய்க்காரர். மேலே இவர், கீழே அவர். கப்பல் இரைச்சலில் பேசினால் காதில் விழாது. ஆகவே இரண்டு பேரும் கையாலேயே பேசிப் பழகிவிட்டார்கள்.

ஓய்வு பெற்றதும் மாமா வீட்டில் நாற்காலி மாற்றி நாற்காலி உட்கார்ந்து அக்காளின் உயிரை எடுத்தார். ஹஸ்ருல்தான் "வா சாமி" என்று இழுத்துக்கொண்டு போய் ஒரு பழைய கோல்ப் மட்டையைக் கையில் கொடுத்தார். அன்றிலிருந்து சனிக்கிழமை காலையானால் பாலம் தாண்டி, தாசேக் கெலுகோர் பக்கம் இருக்கும் திடலுக்குப் போய்விடுவார்கள். மாமா ஒரு தடவைகூட ஹஸ்ருலை ஜெயித்ததில்லை. அதைப் பற்றி அவர் கவலைப்பட்டதும் இல்லை.

போன வருஷக் கடைசியில் ஹஸ்ருல் ஒரு சேதி சொன்னார். ஜொகூரில் இருக்கும் மகள் கூப்பிட்டுவிட்டாள், மனைவியோடு அங்கேயே போய்விடப் போகிறார், தைப்பூசம் முடிந்து வரும் சனிக்கிழமைதான் கடைசி ஆட்டம் என்று. மறுநாளிலிருந்து மாமா பந்தடித்துப் பழகும் இடத்துக்குப் போய்க் கூடை கூடையாக அடிக்க ஆரம்பித்தார். கடைசி ஆட்டத்திலாவது நல்லபடியாக ஆட வேண்டுமாம். அறுபதைத் தாண்டிய மனிதருக்கு எதற்கய்யா இந்த வேலை!

ஒரு நாள் இடது பக்க விலாவைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். வலியில் தும்மக்கூட முடியவில்லை. அக்காள் போட்ட கூச்சலில் ஜெலுத்தோங் அடுக்குமாடியே எட்டிப் பார்த்தது. இதயம்தான் என்று முடிவு கட்டி, ஆஸ்பத்திரிக்கு என்னைக் கார் ஓட்டச் சொன்னாள். இதயம் நன்றாக இருக்கிறது என்றார்கள். படம் எடுத்தார்கள், ஒன்றும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்தால் ஆளுக்கொரு வைத்தியம். வாய்வு என்று அக்காள் பூண்டு உரித்தாள். எதிர்வீட்டு நோர்மா "அங்கின்", அதாவது காற்று, என்று மலாயில் சொல்லி எண்ணெய் கொண்டுவந்தார். மேல்மாடிச் சீனக் கிழவரும் காற்று என்றே சொல்லி ஒரு பிளாஸ்திரி கொடுத்தார். மூன்று இனமும் ஒரே வார்த்தையில் ஒத்துப்போனதை நான் அன்றுதான் பார்த்தேன். ஆனால் காற்று எப்படி ஒரு மனிதனைத் தும்ம விடாமல் செய்யும் என்று எனக்கு விளங்கவே இல்லை.

பிறகு ஒரு கிளினிக்கில் துளசி என்ற டாக்டர், சின்ன வயசுப் பெண், வேறு படம் எடுத்துப் பார்த்துச் சொன்னார். விலா எலும்பில் மெல்லிய கீறல்.

"விழவே இல்லையே டாக்டர்? எங்கயும் இடிக்கவும் இல்ல," என்றாள் அக்காள்.

"விழ வேண்டாம் அண்ட்டி. ஒரே மாதிரி திரும்பித் திரும்பி அடிச்சா, எலும்புல தானாவே கீறல் விழும். அங்கிள், நான் பாத்துச் சொல்ற வரைக்கும் கோல்ப் கூடாது. தைப்பூசம் முடிஞ்சு வாங்க. கூடியிருந்தா ஆடலாம்."

மாமா தலையாட்டினார். ஆடலாம் என்ற ஒற்றை வார்த்தையைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். யார் கேட்டாலும் சட்டைமேல் ஒரு விரலை வைத்து, "இங்கதான், இந்த இடம்" என்று காட்டுவார். விரல் ஒரு நூல்கூட நகராது. மட்டைப் பை கண்ணில் பட்டால் கை சும்மா இருக்காது என்று, அதை என் காரின் பின்பக்கத்தில் போட்டுப் பூட்டச் சொன்னார். அவ்வளவு ஒழுங்கு.

அக்காள் சும்மா இருப்பாளா? முருகனிடம் வேண்டிக்கொண்டாள். எலும்பு கூடிவிட்டால் தைப்பூச ரதம் வரும்போது மாமா தன் கையாலேயே நூற்றெட்டுத் தேங்காய் உடைப்பார் என்று.

வலியும் குறைந்தது. தும்மினார், சிரித்தார், ஒருக்களித்துப் படுத்தார். எலும்பு கூடிவிட்டது என்று அக்காளே முடிவு கட்டினாள். தைப்பூசத்துக்கு முதல் நாள், ரதம் கிளம்பும் அன்று, தேங்காய் மூட்டைகளை நான்தான் காரிலிருந்து இறக்கினேன். சாலையெல்லாம் தேங்காய்க் குவியல், உறுமி மேளம், ரதம் வருகிறது என்று கூட்டம் நெருக்குகிறது. மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கி, உடம்பைத் திருப்பி ஓங்கி அடித்தார். தேங்காய் தூள் தூளாகச் சிதறியது. அக்காள் கண்ணில் தண்ணீர். நானும் அரோகரா சொன்னேன். எங்கள் மூன்று பேரில் ஒருத்தருக்காவது உறைத்ததா? இல்லையே! கோல்ப் என்பது கோல்ப், தேங்காய் என்பது சாமி காரியம்.

பாதிகூட முடியவில்லை. தூக்கிய தேங்காய் தலைக்கு மேலேயே நின்றுவிட்டது. முகம் வெளுத்துப்போய் என் பக்கம் திரும்பி, "கோகிலா, இத வாங்கிக்கடா," என்றார். வாங்கி நான் உடைத்தேன். மீதியையும் நானே உடைத்தேன். அது கணக்கில் சேருமா சேராதா என்று அக்காள் இன்றைக்கும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

துளசி டாக்டர் புதுப் படத்தைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "கூடிவந்த எடத்துலயே மறுபடி கீறல் விழுந்திருக்கு. என்ன செஞ்சீங்க அங்கிள்?"

"ஒண்ணுமே செய்யல டாக்டர்," என்றாள் அக்காள். "மட்டையத் தொடவே இல்ல. சாமி சத்தியமா. ரதத்துக்குத் தேங்காதான் ஒடச்சாரு."

டாக்டர் படத்தைக் கீழே வைத்தார். "நானும் அன்னைக்கு ரோட்டுலதான் நின்னு ஒடச்சேன் அண்ட்டி. கோல்ப் கூடாதுன்னு சொன்னவ, இதச் சொல்லாம விட்டுட்டேனே. எனக்குத் தோணவே இல்ல."

அக்காளுக்குக் கோபம் யார் மேல் என்று அவளுக்கே தெரியவில்லை. டாக்டரைப் பார்த்தாள், மாமாவைப் பார்த்தாள், கடைசியில் என் மேல் பாய்ந்தாள். "மூட்டையத் தூக்கிட்டு வந்தியே, ஒனக்காவது புத்தி வேணாம்?" குணமானதற்கு நன்றி சொல்லப் போய் அந்த நோவையே திரும்ப வாங்கிக்கொண்டு வந்தால், வேண்டுதல் பலித்ததா பலிக்கவில்லையா? எனக்கு யோசிக்க யோசிக்கத் தலை சுற்றியது.

மாமா மட்டும் வேறு ஒன்று கேட்டார். "டாக்டர், கடைசில பந்த மெல்லக் குழிக்குள்ள தள்ளுறது இருக்கே, அது மட்டும்?"

"தள்ளுங்க. அதுக்கு மேல தேங்கா, மாங்கா, எதுவுமே கூடாது லா அங்கிள்."

சனிக்கிழமை நான்தான் ஓட்டிப் போனேன். ஹஸ்ருல் விஷயத்தைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். மாமாவும் சிரித்து, விலாவைப் பிடித்துக்கொண்டு திட்டினார். பிறகு ஹஸ்ருல் இரண்டு பேருக்கும் ஒரே பந்து என்றார். தூரமாக அடிப்பது அவர், குழிக்குள் தள்ளுவது மாமா. நான் சின்ன வண்டியில் மாமாவை வைத்து ஓட்டினேன். யார் யாரோடு ஆடுகிறார்கள், ஜெயிப்பது யார், ஒன்றும் புரியவில்லை. அவர்களும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை.

கடைசிக் குழி. பந்து குழியிலிருந்து ஒரு கை தூரத்தில் கிடந்தது. நான்கூடத் தள்ளிவிடுவேன். ஹஸ்ருல் குழிக்கு அந்தப் பக்கம் போய் நின்று, துறைமுகத்தில் காட்டுவது போல உள்ளங்கையைக் கீழே பார்த்து வைத்து மெதுவாக அசைத்தார். இறக்கு, சாமி, இறக்கு.

மாமா மட்டையைப் பந்துக்குப் பின்னால் வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். தள்ளவில்லை. ஹஸ்ருலின் கை அசைந்துகொண்டே இருந்தது. பிறகு அதுவும் நின்றுவிட்டது.

எனக்குப் பயமாகிவிட்டது. பக்கத்தில் ஓடினேன். "மாமா, வலிக்குதா? அந்த எடத்துலயா?"

அவர் கை இடது விலாவுக்குப் போனது. அங்கே நிற்கவில்லை. நெஞ்சுக்கு வந்தது, தொண்டைக்கு வந்தது, திரும்பக் கீழே போனது.

"வலிக்குதுடா," என்றார். "எங்கன்னுதான் தெரியல."