அரசன் மகனுக்குப் பதிலாக

இத்தாலியின் பலெர்மோ நகரில், லிபெர்த்தா தெருவின் ஐந்தாம் மாடி வீடொன்றில், யாழ்ப்பாணத்துக் கிளறா எர்சிலியா என்ற கிழவியைப் பராமரித்து வந்தாள். பள்ளியில் சரித்திரம் படிப்பித்தவர் எர்சிலியா; இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் கிடந்தாலும் வாய் ஓயாது. கிளறா சூப் ஊட்டும்போதெல்லாம், அவளுக்கு விளங்கும் மெதுவான இத்தாலியனில், பழைய சீனத்து லீ அரசனின் கதையைச் சொல்லி வந்தார்.

லீ பேராசைக்காரன். மலையிலும் ஆற்றிலும் கிடைப்பதெல்லாம் தனக்கே என்றான். சனங்கள் முணுமுணுத்தார்கள். முணுமுணுப்பவர்களைக் கண்டுபிடிக்க ஒரு மந்திரவாதியை வைத்தான். அவன் கைகாட்டியவனின் தலை போயிற்று.

"எங்கட ஊரிலை அவனுக்குத் தலையாட்டி எண்டு பேர்," என்று கிளறா தமிழில் சொல்லிக்கொண்டாள். முகத்தில் சாக்கு மூடி, இராணுவத்துக்கு ஆள்காட்டத் தலையாட்டும் அந்த உருவத்தை யாழ்ப்பாணத்தில் அவள் பார்த்திருக்கிறாள்.

லீயின் நாட்டில் பிறகு தெருவில் யாரும் பேசவில்லை. கண்ணால் பார்த்துக்கொள்வதோடு சரி. வாயை அடைத்துவிட்டேன் என்று அரசன் பெருமையடித்தான். "ஆற்றை அடைப்பதைவிட அது பொல்லாதது," என்றான் ஷாவோ என்ற பிரபு. அரசன் கேட்கவில்லை. ஒருநாள் சனம் திரண்டு அரண்மனைக்குள் புகுந்தது. அரசன் தப்பியோடினான். இளவரசனோ ஷாவோ வீட்டில் ஒளிந்தான். சனம் வீட்டை வளைத்தபோது, ஷாவோ தன் சொந்த மகனை இளவரசன் என்று சொல்லிக் கொடுத்துவிட்டான். அவனைக் கொன்றார்கள்.

கிளறாவின் கை நின்றது. "தாய் என்ன சொன்னாள், சிஞ்ஞோரா?"

"அதை ஒருவரும் எழுதவில்லை."

லீ தூர ஊரொன்றில் நாடிழந்தே செத்தான். தப்பிய இளவரசன் நெடுங்காலம் ஆண்டான். மிச்சக் கதை கிளறாவின் காதில் ஏறவில்லை.

யாழ்ப்பாணத்தில் இருந்தபோது அவள் வீட்டுக்கும் ஆமி வந்தது. தேடியது பீலிக்ஸை, கணவர் இராஜநாயகத்தின் செத்துப்போன தமையனின் ஒரே மகனை. இராஜநாயகம் தங்கள் மகன் ஸ்ரீபனின் தோளைத் தொட்டு, "இவன்தான்," என்றார். ஏற்றிக்கொண்டு போனார்கள். அவன் திரும்பவேயில்லை. பீலிக்ஸ் இப்போது பலெர்மோவில் உணவகமொன்றில் கோப்பை கழுவுகிறான். கால்சாப் பகுதியில் கிளறா, இராஜநாயகத்தோடுதான் இருக்கிறான்.

எர்சிலியா கதை சொன்ன அன்று மாலை, வீட்டில் அவள் இராஜநாயகத்திடம் கேட்டாள். "ஏனப்பா அப்பிடிச் சொன்னனீங்கள்?"

எதைக் கேட்கிறாள் என்று அவருக்கு விளங்கியது. "எங்கட பிள்ளை ஒண்டும் செய்யேல்லைத்தானே. விசாரிச்சுப்போட்டு விட்டிடுவாங்கள் எண்டு நினைச்சன். பீலிக்ஸ் எண்டால் விடமாட்டாங்கள்."

"என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டனீங்களோ?"

"அதுக்கு எங்கை நேரம்?"

"பிறகு? இவ்வளவு வருசத்திலையும் நேரமில்லையோ?"

அந்நேரம் பீலிக்ஸ் உள்ளே வந்தான். "சின்னம்மா, சாப்பாடு இருக்கோ?"

"ஓம், இரு," என்று சோறும் மீன்குழம்பும் போட்டாள். அவன் பசியோடு சாப்பிட்டான். அவனைப் பார்க்க அவளுக்குக் கோபம் வரவில்லை. அதுதான் தாங்க முடியாமலிருந்தது.

அடுத்த கிழமை கிளறா எர்சிலியாவின் வீட்டிலேயே தங்கி வேலை செய்யப் போனாள். மாரியில் கிழவி இறந்தார். அவருடைய இறுதிப் பூசை முடிந்து வந்தபோது தேவாலய வாசலில் இராஜநாயகம் நின்றார்.

"இனி வீட்டை வாவன்."

"வேறை இடத்திலை வேலை எடுத்திட்டன்," என்றாள் கிளறா. "அங்கையும் தங்கித்தான் செய்யவேணும்."


அவர் அவள் கையிலிருந்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் நிற்குமிடம்வரை கூட வந்தார்.